கோடைக் கடைசிக்கு ஆறு போத்தல்

கந்தப்பளை
2025.05.11

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி ரூபிகா எழுதுறேன். நானும் வடிவு அண்ணியும் பிரியந்தினியும் சுகம். உங்க சுகத்துக்குத்தான் மூணு பேரும் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்.

நாலு மாசத்துக்குப் போன் கெடையாது, கடிதம் மட்டுந்தான்னு உங்க இல்லத்துப் பொறுப்பாளர் சின்னத்தம்பி ஐயா சொன்னப்ப அண்ணி அழுதாங்க. எனக்கென்னமோ அது நல்லதாப் பட்டுச்சு. போன்ல எதக் கேட்டாலும் "சரி, சரி"ன்னு வச்சிருவீங்க. கடிதத்துல அப்படி வைக்க ஏலாதே.

உங்கள விட்டுட்டுப் பொல்பிட்டியில பஸ் ஏறினதுல இருந்து ஹட்டன் வரைக்கும் அண்ணி திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாங்க. ஹட்டன்ல எறங்கினதும், "கை அந்த நடுக்கம் நடுங்குதே, சோத்த எப்படி அள்ளித் திம்பாரு?"ன்னு கேட்டாங்க.

பிரியந்தினிகிட்ட, அப்பா லொறியில யாழ்ப்பாணம் போயிருக்காருன்னு சொல்லியிருக்கோம். என்ன மரக்கறி ஏத்திக்கிட்டுப் போனாருன்னு கேட்டா. லீக்ஸ்னு சொன்னேன். நாலு மாசத்துக்கு லீக்ஸ் அழுகிப் போகாதான்னு கேக்குறா. எட்டு வயசுக்கு ரொம்ப வெவரம்.

ஹோட்டல்ல என்னைய ரெஸ்டோரண்ட் பக்கம் மாத்தியிருக்காங்க. வேல பரவாயில்ல. நீங்க ஒன்னுக்கும் யோசிக்காதீங்க.

உங்க பதிலப் பாத்துக்கிட்டிருக்கும்,
ரூபிகா


பொல்பிட்டிய
2025.05.25

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் தரணிதரன் எழுதுவது. சுகம். எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

எழுத்தப் பாத்துப் பயப்படாத. இது பக்கத்துக் கட்டில் தர்ஷன் எழுதுறது. நான் சொல்லச் சொல்ல எழுதுறான். கையெழுத்து மட்டும் நான் போடுவேன். சோத்துக்குக் கரண்டி குடுத்திருக்காங்கன்னு அண்ணிகிட்ட சொல்லு.

மொதல் பத்து நாளப் பத்திக் கேக்காத. இப்ப பகல் ஓடிருது. பின்னேரம் ஆறு மணிதான் ஆகாது. லொறிய நிறுத்திட்டு நேரா சாராயக் கடைக்கு நான் போற நேரம் அது. இங்க எங்க பதினோரு பேருக்கும் அந்த நேரந்தான் ஆகாது. ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்குறதில்ல. மேல எல்லாம் எறும்பு ஓடுற மாதிரி இருக்கும்.

ரெஸ்டோரண்ட்ல உனக்கு என்ன வேல? தட்டுத் தூக்குறதா? வெவரமா எழுது. இங்க வாசிக்க ஒன்னுமில்ல.

இப்படிக்கு அண்ணன்,
தரணிதரன்


கந்தப்பளை
2025.06.08

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கெடச்சுது. கையெழுத்த அண்ணி வெரலால தடவித் தடவிப் பாத்தாங்க. இங்க நாங்க சுகம். மழ விடல. பிரியந்தினிக்குக் கொஞ்சம் சளி, வேற ஒன்னுமில்ல. உங்க ஒடம்பு எப்படி இருக்கு?

என் வேலயப் பத்திக் கேட்டிருந்தீங்க. தட்டுத் தூக்குறதில்ல அண்ணே. ருசி பாக்குற வேல. தேயில. ஹோட்டலுக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்கு எந்தத் தேத்தண்ணி எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்னு வாயில வச்சுப் பாத்துச் சொல்லணும். எங்க மேனேஜர் ரொஷான் சேர், எனக்கு மூக்கு நல்லா இருக்குன்னு சொல்லி என்னைத் தெரிஞ்செடுத்தாரு. கொழும்புல இருந்து ஒரு மிஸ் வந்து ரெண்டு வாரம் பழக்கினாங்க.

செப்டெம்பர்ல வெளிநாட்டுல இருந்து அறுபது பேர் வர்றாங்க. அவங்க ஊருல அது கோடை முடியுற காலமாம். அந்தக் காலத்துல வெயில்ல ஒக்காந்து, குளிர வச்சு, லேசா எதையாச்சும் குடிப்பாங்களாம். அதுக்கு ஆறு வகை தேடி நான் ஒரு பட்டியல் போடணும். இங்க சன்னலத் தொறந்தா பத்தடிக்கு அங்கால மலையே தெரியல, ஒரே பனி. நான் கோடையக் கண்ணால கண்டதே இல்லன்னு சேர்கிட்ட சொன்னேன். "கண்ண மூடிக்கிட்டு ருசி பாரு"ங்கிறாரு.

நல்லா சாப்பிடுங்க. ஆறு மணிக்கு நானும் உங்கள நெனைக்கிறேன்.

அன்புடன்,
ரூபிகா


பொல்பிட்டிய
2025.06.20

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உங்க எல்லாருக்கும் அதே வேணும். பாப்பாவுக்குச் சளி விட்டுச்சா? வெந்நீர்லயே குளிக்க வை.

இந்தக் கடிதம் நானே எழுதுறேன். கோணலா இருந்தாலும் என் கை.

உன் கடிதத்த எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். நம்ம அம்மா இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறிச்சாங்க. எந்தக் கொழுந்து என்ன ருசின்னு அவங்ககிட்ட யாராச்சும் ஒரு நாள் கேட்டானா? தேயில ருசி பாக்குற மேசைக்குப் பக்கத்துல தொரைமாரு மட்டுந்தானே நிப்பாங்க. இன்னைக்கு என் தங்கச்சி அதே வேலயில. சின்னத்தம்பி ஐயா எந்திரிச்சு வந்து எனக்குக் கை குடுத்தாரு. குடுத்த கைய நான் என்னான்னு பிடிப்பேன், சொல்லு.

ஒரு உதவி. அந்த ஆறு தேத்தண்ணியையும் எழுது. எப்படி மணக்குது, நாக்குல எங்க படுது, எல்லாம். ஆறு மணிக்கு வாசிப்பேன். வாய்க்கு வேற ஏதாச்சும் நெனப்பு வேணும் ரூபி. இல்லாட்டி ஒரே நெனப்புத்தான்.

காத்திருக்கும் அண்ணன்,
தரணிதரன்


கந்தப்பளை
2025.07.04

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். பாப்பாவுக்குச் சளி நல்லாயிருச்சு. உங்க கைய நெனச்சாத்தான் சந்தோஷமா இருக்கு. அண்ணி உங்க எழுத்தப் பாத்துட்டு அன்னைக்கு ரெண்டு ஆளுச் சோறு தின்னாங்க.

நீங்க கேட்டத எழுத ஒரு வாரம் எடுத்துச்சு. எழுதவா வேணாமான்னும் இருந்துச்சு. இத நான் வேற யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆறும் போத்தல்ல வருது. ஐஸ்ல வச்சுத்தான் குடிக்கணும்.

ஒன்னாவது, வெளிர் மஞ்சள். மூக்குக்குக் கிட்ட கொண்டு போனா, லீக்ஸ் அறுத்துப் போட்ட தோட்டத்துல காலையில நிக்கிற மாதிரி பச்சை வாசம். வாயில வச்சா பாதி பழுத்த கொய்யா. பொரிச்ச மீனுக்கு எலுமிச்சை பிழியாம இதக் குடிக்கலாம்.

ரெண்டாவது, ரோஸ் நெறம். நுவரெலியா ஸ்ட்ரோபெரியில இருந்து இனிப்ப மட்டும் களவெடுத்துட்ட மாதிரி. சாப்பாடே இல்லாம சும்மா ஒக்காந்து பேசுறதுக்கு.

மூணாவது குடிச்சுட்டு உதட்ட நக்கினா உப்புக் கரிக்கும். நீங்க நீர்கொழும்புல லொறிய நிறுத்திட்டுக் கடல் காத்தப் பத்திச் சொல்லுவீங்களே, அந்த ஞாபகம் வந்துச்சு. றாலுக்கு நல்லது.

நாலாவதுதான் எனக்குப் புடிச்சது. மழ விட்டதும் நம்ம லயத்து வீட்டுக் கல் படியில இருந்து ஒரு வாசம் எழும்பும் பாருங்க, அதே வாசம். பின்னாடி தேசிக்காய்த் தோல். கடைசியில நம்ம ஊருப் பேரிக்காய். முழுங்கின பொறகும் நாக்குல ரொம்ப நேரம் ஆள விடாது.

அஞ்சாவதுல நுரை இருக்கு. சிரிக்கிற மாதிரி வாய்க்குள்ள வெடிக்கும். வந்தவங்களுக்கு மொதல்ல குடுக்கணும்.

ஆறாவது செவப்பு. ஆனா கனமில்ல. ஜம்புக்காயக் கடிச்ச மாதிரி இருக்கும். மத்ததப் போல இல்லாம, எறங்குறப்ப நெஞ்சுக்குள்ள லேசா ஒரு சூடு காட்டிட்டுப் போகும்னு பழக்கின மிஸ் சொன்னாங்க. குளிர வச்ச கோழி எறைச்சிக்குப் பொருந்தும்.

போதுமா அண்ணே? ஒடம்பக் கவனிங்க.

உங்க அன்புத் தங்கச்சி,
ரூபிகா


பொல்பிட்டிய
2025.07.16

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அண்ணியும் பாப்பாவும் நீயும் சுகமா?

உன் கடிதம் வந்து ஆறு நாள். ஆறு நாளும் வாசிச்சேன். தோட்டம், கொய்யா, கல் படி எல்லாம் கண்ணுக்குள்ள வந்துச்சு. அப்படி எழுதியிருக்க.

ஆனா தங்கச்சி, ஐஸ்ல வச்ச தேத்தண்ணி நெஞ்சுல சூடு காட்டாது. இருவது வருஷத்துல நான் நல்லாப் படிச்ச ஒரே பாடம் அதுதான்.

கோவமில்ல. நீ என்ன செய்வ? என்கிட்ட எப்படிச் சொல்லுவ? வைன்தானே? நான் அது குடிச்சதில்ல. நம்ம பக்கத்துல சாராயம், கையில காசு ஒன்னுமில்லாட்டிக் களவா வடிக்கிற கசிப்பு.

ஒன்னே ஒன்னு கேக்குறேன். ருசி பாக்குறவங்க துப்பிருவாங்கன்னு சொல்லுவாங்களே, நெசமா? வாயில வச்சத நீ துப்பிருவியா? அப்படித் துப்புற ஒரு ஆள நான் கண்டதில்ல. தொண்டை கேக்காதா? அத எழுது.

எழுதாம விட்டுறாத.

அண்ணன்,
தரணிதரன்


கந்தப்பளை
2025.07.25

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க சுகம். உங்க கடிதத்த அண்ணிகிட்ட காட்டல. வந்திருக்கு, சுகமா இருக்காருன்னு மட்டும் சொன்னேன்.

ஆமா அண்ணே, வைன்தான். ஹோட்டல்ல என் பேருக்குக் கீழ வைன் ஸ்டூவர்ட்னு போட்டிருக்கு. அந்த பேட்ஜ வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கழட்டிப் பைக்குள்ள போட்டுருவேன். லயத்துல யாருக்கும் தெரியாது. உங்கள அந்த எடத்துல கொண்டு போய் விட்ட அன்னைக்கு எனக்கு வேல மாறி ஒம்பது நாள்.

துப்புறது நெசந்தான். காலையில பத்து மணிக்கு மேசையில கிளாஸ் எல்லாம் வரிசையா இருக்கும். பக்கத்துல ஒரு எவர்சில்வர் வாளி. ஒரு வாய் எடுத்து, கொஞ்சம் காத்தையும் உள்ள இழுத்து, வாய் பூரா சுத்த விட்டு, துப்பிரணும். அப்புறம் எழுதணும்.

தொண்டை கேக்காதான்னு கேட்டீங்க. கேக்கல அண்ணே. எனக்குக் கேக்கல. உங்களுக்கு ஏன் கேக்குது, எனக்கு ஏன் கேக்கலன்னு எவ்வளவோ யோசிச்சுட்டேன். ஒரே காம்பராவுல, ஒரே சட்டிச் சோறு தின்னுதானே வளந்தோம். ஒரு நாள் மட்டும் நான் துப்பல. அந்த நாலாவது, ரீஸ்லிங்னு பேரு. உங்களுக்கு எப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு வேணும்னே முழுங்கினேன். ஒன்னும் ஆகல. பின்னேரம் வீட்டுக்கு வந்து துணி தொவச்சேன், பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். இன்னொன்னு வேணும்னு ஒரு நெனப்பும் வரல. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு. உங்க பக்கத்துல வந்து நிக்கவே என்னால ஏலாதுன்னு அன்னைக்குத்தான் வெளங்கிச்சு.

இனி அந்தச் சாமான்களப் பத்தி உங்களுக்கு எழுத மாட்டேன். நான் எழுதினதே தப்பு. வேற எதக் கேட்டாலும் எழுதுறேன். மன்னிச்சுக்குங்க.

கண்ணீரோட,
ரூபிகா


கந்தப்பளை
2025.08.10

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா இருக்கீங்களா? ரெண்டு வாரமாக் கடிதம் இல்ல. தபால் தாமதமா, இல்ல கை சரியில்லையா? கை சரியில்லன்னா தர்ஷன எழுதச் சொல்லுங்க. பிரியந்தினி பேச்சுப் போட்டியில மூணாவதா வந்தா. ஒரு வரி போட்டாலும் போதும்.

ரூபிகா


பொல்பிட்டிய
2025.08.16

அன்புள்ள செல்வி ரூபிகாவுக்கு,

நலமே உண்டாகட்டும். தாங்கள் கடைசியாக அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தங்கள் அண்ணன் தரணிதரன் இம்மாதம் முதலாம் திகதி காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் விருப்பத்தில் போவதாகப் புத்தகத்தில் ஒப்பமிட்டு வெளியேறினார். யாரையும் பூட்டி வைக்க எங்களுக்கு அதிகாரமில்லை. வீட்டுக்குத்தான் போகிறேன் என்று சொன்னதால் நானும் அறிவிக்காமல் இருந்துவிட்டேன். அது என் பிழை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஜூலை மாதத்தில் தாங்கள் அனுப்பிய தேநீர்க் கடிதத்தை அவர் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்து வாசிப்பார். இருபத்தொன்பதாம் திகதி வரை ஒரு நாளும் தவறவில்லை. எத்தனையோ பேரை இங்கே பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் பதினொரு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டதில்லை. முப்பதாம் திகதி தங்கள் அடுத்த கடிதம் வந்தது. அதைத் தனியே வெளியே போய் வாசித்தார். அன்று பின்னேரம் எல்லோரும் கேட்டதற்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.

இங்கிருப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். தங்களுக்குச் சிரமமில்லை என்றால், அந்தத் தேநீர்களைப் பற்றி எங்களுக்காவது எழுதி அனுப்ப முடியுமா?

நல்லதே நடக்க வேண்டும் என்ற பிரார்த்தனையுடன்,
செ. சின்னத்தம்பி
பொறுப்பாளர்


ஹட்டன்
2025.08.24

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீங்க எல்லாம் சுகமா? ஹட்டன்ல கூட்டாளி ஒருத்தன் வீட்டுல இருக்கேன். மேல வெலாசம் போட்டிருக்கேன். லொறிய வேற ஆளுக்குக் குடுக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். அதான் வந்துட்டேன். உன் கடிதத்தால இல்ல. அத மனசுல வைக்காத. பிரியந்தினிக்கு ஒரு சோடி சப்பாத்து பாத்து வச்சிருக்கேன். குடிக்கல. வேல செட்டானதும் வீட்டுக்கு வருவேன். உன் கடிதத்தால இல்ல. பிரியந்தினிக்கு ஒரு சோடி சப்பாத்து பாத்து வச்சிருக்கேன்.

அண்ணன்


கந்தப்பளை
2025.09.14

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டுல எல்லாரும் சுகம். உங்க சுகத்த எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. ஒரே கடிதத்துல சப்பாத்தப் பத்தி ரெண்டு தரம் எழுதியிருந்தீங்க. அதுக்கு மேல எனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல.

புதன்கிழம நீங்க ஹோட்டலுக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நெனைக்கிறேன். அதனாலதான் எழுதுறேன்.

அன்னைக்குத்தான் அந்த அறுபது பேருக்கும் பகல் சாப்பாடு. நுரை வைனக் குடுத்து முடிச்சு, நாலாவதுக்கு வந்திருந்தேன். அதப் பத்தி நாலு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல, இது எங்க வீட்டுப் படியில மழைக்குப் பொறகு வர்ற வாசம்னு சொன்னேன். கை தட்டினாங்க. அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி பண்டார வந்து, காதுக்குள்ள, "மிஸ், உங்க அண்ணன்னு ஒருத்தர் கேட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்காரு"ன்னு சிங்களத்துல சொன்னாரு.

துணி சுத்தின போத்தலக் கையில பிடிச்சபடியே ஓடி வந்துட்டேன். கீழ வைக்கத் தோணல. நீங்க மதகுக் கட்டுல நனைஞ்சு ஒக்காந்திருந்தீங்க. ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு.

"இதுதானா அந்த நாலாவது?"ன்னு கேட்டீங்க.

"வாங்க அண்ணே, பின்பக்கம் வந்து ஏதாச்சும் சாப்பிடுங்க"ன்னேன்.

"சாப்பாடு வேணாம் புள்ள. ஒரு வாய் ஊத்து. துப்பிருவேன். பாப்பா மேல சத்தியமாத் துப்பிருவேன். எப்படின்னுதான் நீ எழுதியிருக்கியே."

கைய ஏந்திக் கேட்டீங்க. கிளாஸ் கூடக் கேக்கல.

பண்டார அங்கால திரும்பிக்கிட்டாரு. உள்ள இருந்து ரொஷான் சேர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் ஊத்தல. "பத்து நிமிஷம் இருங்க, வந்துர்றேன்"னு சொல்லிட்டுப் போனேன். போய் அறுபது பேருக்கும் அந்த வைன ஊத்தினேன் அண்ணே. ஒருத்தர் மிச்சமில்லாம. திரும்பி வந்தா நீங்க இல்ல. கும்பிட்டுட்டு ஹட்டன் பஸ்ஸப் புடிச்சாருன்னு பண்டார சொன்னாரு.

ஊத்தாதது சரின்னுதான் யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா ஊத்தியிருந்தா இன்னும் பத்து நிமிஷம் நின்னிருப்பீங்க. அந்த ஆறையும் எழுதின கடிதத்தால போனீங்களா, இனி எழுத மாட்டேன்னு சொன்னதால போனீங்களா, அதுவும் எனக்குத் தெரியல. ரெண்டயும் நான்தான் செஞ்சேன். இந்த வேலய விட்டா நீங்க நிறுத்துவீங்கன்னு யாராச்சும் சொன்னா, இன்னைக்கே விட்டுருவேன். சொல்லத்தான் ஆளில்ல.

அண்ணிகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். வைன், பேட்ஜ், எல்லாம். "நனைஞ்சிருந்தாரா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எங்க இருந்தாலும் ஒரு வரி போடுங்க.

ரூபிகா


கினிகத்தேனை
2025.09.27

அன்புத் தங்கச்சிக்கு,

ஒடம்பு அப்படித்தான். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் உனக்கும் சுகம் வேணும்.

வந்தது ஞாபகம் இருக்கு. அதப் பேச வேணாம். நீ ஊத்தல, அதுல நீ ஒன்னும் நெனைக்காத.

கடிதம் கெடச்ச மறுநா பொல்பிட்டியவுக்குப் போனேன். யாரும் கூட்டிக்கிட்டுப் போகல, நானாத்தான் போனேன். சின்னத்தம்பி ஐயா என்னைய உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சாரு. தர்ஷன் வீட்டுக்குப் போயிட்டானாம், சுகமா இருக்கானாம். என் கட்டில்ல வேற ஒரு ஆள் படுத்திருக்கான். எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்கு. எனக்கு முன்னாடி எட்டுப் பேர் பேர் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்களாம். பேரைப் பதிஞ்சுட்டு, டிசம்பர் கடைசியில வாங்கன்னாரு. சொல்றப்ப என் மொகத்தப் பாக்கல அவரு. பாவம், அவரும் என்ன செய்வாரு. ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரப் போட ஏலாதே.

இப்ப கினிகத்தேனையில ஒரு லொறிக்காரர் வீட்டுத் தாவாரத்துல படுக்குறேன். இன்னையோட மூணு நாள் ஒன்னும் தொடல. இந்த எழுத்தப் பாத்தாலே தெரியும்.

டிசம்பர் வரைக்கும் நான் என்ன செய்யட்டும்னு ஐயாகிட்ட கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா எழுது.

அண்ணன்,
தரணிதரன்